நீலத் தட்டில் இட்ட பொட்டு

மங்கலம் பெருகுக. மழைமுகிலும் மலைத்தேனும் குறையாத வேங்கைமலை நாட்டை ஆளும் அரசி கொற்றவல்லி, முத்தும் உப்பும் விளையும் நெய்தற்கோட்டு வேந்தரும், வெள்ளாழி ஆற்றுக்குப் பாலம் கட்டிய பெருமானும், என் ஒரே தமையனாரும், என் மகள் அல்லிமாலையை மருமகளாக ஏற்றதால் என் சம்பந்தியும் ஆகிய சேந்தன் பெருநற்கோவின் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் கொடி தாழாதிருக்க. தங்கள் கலங்கள் கரை சேர்க. அண்ணியாரின் முழங்கால் வலி தீர்க. இங்கு யாவரும் நலம். நான் மட்டும் மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன். காரணத்தைக் கேளுங்கள்.

கூத்தை வீட்டுச் சுவரிலேயே காட்டும் சுடர்ப்பேழை பிறந்த நாள்முதல், நம் இரு நாட்டுக்கும் இடையே சண்டை இல்லாத குறை தீர்ந்தது. தங்கள் நாட்டுச் செஞ்சுடர்க் கணத்துக் கம்மியர் கூத்தைப் பதித்து வார்க்கும் தட்டு எங்கள் பேழையில் ஓடாது. எங்கள் நீலச்சுடர்க் கணத்தார் வார்க்கும் தட்டு தங்கள் பேழையில் ஓடாது. அக்கரையில் பெண் எடுத்து இக்கரையில் பெண் கொடுத்த குடிகள் இரண்டு பேழையும் வாங்கி வைத்துவிட்டு வீட்டில் கால் நீட்ட இடமின்றித் தவிக்கிறார்கள். ஆகவே இரு நாட்டுக்கும் ஒரே தட்டு என்பதில் நாம் உடன்பட்டோம். எந்தத் தட்டு என்பதில்தான் இன்றுவரை உடன்படவில்லை.

எங்கள் பக்கத்து நியாயத்தை மறுபடியும் சொல்கிறேன், பொறுத்தருள்க. நீலச்சுடரின் முனை கூரியது. கூரிய எழுத்தாணியால் எழுதினால் ஓர் ஓலையில் அதிகம் அடங்குவதுபோல, எங்கள் தட்டு ஒன்றில் முழுக் கூத்தும் அடங்கும். தங்கள் தட்டிலோ, வீரன் வாளை ஓங்கும் வேளையில் கூத்து நின்றுவிடும்; யாரேனும் எழுந்து போய் இரண்டாம் தட்டை இட வேண்டும்; அதற்குள் அரக்கனுக்கே கொட்டாவி வந்துவிடும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தங்கள் தட்டின் மேல்தோல் தடித்தது, எங்களுடையது வெங்காயத்தோல்.

சென்ற மாதம் தங்கள் ஓலை வந்தது. மகளுக்குச் சீராக நான் பேழையோடு அனுப்பிய பன்னிரண்டு நீலத் தட்டுகளையும் அவையில் இட்டுப் பார்த்தபோது சுவரில் ஒன்றும் தோன்றவில்லை என்றும், செஞ்சுடர்த் தட்டுகள் குறையின்றி ஓடின என்றும், வரும் முழுமதி நாளில் செஞ்சுடர்க் கணத்தாருக்கே முத்திரை வழங்கப்போவதாகவும், அதன்பின் நீலத் தட்டு எதுவும் பாலம் தாண்டலாகாது என்றும் எழுதியிருந்தீர்கள். அத்தோடு விட்டீர்களா? நீல வெளிச்சம் மின்மினிக்கும் உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். சிறுவயதில் என் மரப்பாச்சியைக் கிணற்றில் போட்டுவிட்டுச் சிரித்தீர்களே, அதே சிரிப்பு அந்த வரியில் கேட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பன்னிரண்டில் பதினொன்று கூத்து. பன்னிரண்டாவது நான். பெண்ணைக் கொடுத்த தாய் ஓராண்டு சம்பந்தி வீட்டுப் படி மிதிக்கலாகாது என்ற நம் குல வழக்கம் தாங்கள் அறிந்ததே. எட்டு மாதமாக அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளாவது என் முகத்தைப் பார்க்கட்டும் என்று தோட்டத்துப் பலாமரத்தடியில் நின்று பேசி, அதைத் தட்டில் எழுதச் செய்து, அவளுக்கும் சொல்லாமல் அனுப்பினேன். செஞ்சுடரில் எழுதி அனுப்பலாமே என்பீர்கள். முந்நூறு கம்மியர் குடும்பம் நீலச்சுடரை நம்பி அடுப்பு மூட்டுகிற ஊரில் நான் அதைச் செய்துவிட்டு எந்த முகத்தோடு வீதியில் போவேன்?

கம்மியர் தலைவி பொன்னரியை அழைத்துக் கடுஞ்சொல் சொன்னேன். அவள் அசையவில்லை. பன்னிரண்டும் இங்கே ஓடிக் காட்டியபின்பே பெட்டியில் வைக்கப்பட்டன என்றும், கெட்ட தட்டு ஒன்றைக் கண்ணால் பார்க்காமல் பழியை ஏற்க மாட்டேன் என்றும் விண்ணப்பித்தாள். நம் தூதர் கண்டீரனார் விரைந்து அங்கு வந்து, கெட்டவற்றில் ஒன்றைத் தங்களிடம் கேட்டுப் பெற்றுக் கொணர்ந்தார்.

பொன்னரி அதை வெயிலில் பிடித்தாள். மினுங்கும் முகத்தின் நடுவே காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம், யாரோ முந்தானையால் துடைத்த கீறல்கள். இது யார் வேலை என்று கேட்டேன். சீர் வந்து இறங்கியதும் இளவரசியாரே இரு நாட்டுத் தட்டுகளுக்கும் பொட்டு வைத்துத்தான் உள்ளே எடுத்தார் என்றார் தூதர். தடித்த தோல் துடைத்ததும் தப்பித்தது, மெல்லிய தோல் மாட்டிக்கொண்டது. புதுப்பொருள் எதையும் வெறும் நெற்றியோடு வீட்டுக்குள் எடுக்காதே என்று அவளுக்கு ஐந்து வயதில் சொல்லிக் கொடுத்தவள் யார்? நான்தான். தாங்கள் இப்போது சிரிப்பது இங்கே கேட்கிறது, அண்ணா.

அழவா சிரிக்கவா என்று தெரியாமல் நான் நிற்க, பொன்னரியோ ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குப் போய்விட்டாள். ஒன்பது நாள் மலைப்பிசின்களைக் காய்ச்சிக் காய்ச்சி, பத்தாம் நாள் கத்திமுனைக்கும் கீறாத மேற்பூச்சு ஒன்றைக் கண்டுவிட்டாள். என் பலாமரத்தடிப் பேச்சை மறுபடி எழுதிய புதுத்தட்டில் அதைப் பூசி, பின்புறத்தில் தாமரை ஒன்றையும் வரைந்தாள், பொட்டு வைக்க இடம் அதுவே என்று. தாமரையைப் பாராதவர் முன்புறத்தில் வைத்தாலும் கேடில்லை என்றாள். பார்த்துவிடுவோம் என்று நானே முன்புறத்தில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, காயவிட்டு, மடைப்பள்ளி நாகியிடம் கொடுத்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன்: "வெண்கலப் பானை தேய்க்கிற மாதிரிதான் தேச்சேன், தாயே. போதலைன்னா சொல்லுங்க, இன்னொரு தரம் தேய்க்கிறேன்."

மூன்று நாளுக்கு முன், நண்பகலில் சாளரங்களை அடைத்து, தட்டைப் பேழையில் இட்டோம். சுவரில் முதலில் பலாமரம் வந்தது. பிறகு நான் வந்தேன். அமைச்சர், காவலர், நாகி எல்லோரும் தெரியுது தெரியுது என்று கூவ, நான் அரசி என்பதை மறந்து பொன்னரியைக் கட்டிக்கொண்டேன். பட்டாடை முழுவதும் பிசின். இன்னும் போகவில்லை.

ஆகவே வேந்தர் பெருமானுக்கு இத்தங்கை விடுக்கும் வேண்டுகோள் இது. முழுமதிக்கு முன், நிறைந்த அவையில், செந்தட்டு ஒன்றுக்கும் இத்துடன் வரும் புதுப்பூச்சு நீலக் கூத்துத்தட்டு ஒன்றுக்கும் அண்ணியார் கையால் சந்தனம் பூசி, தங்கள் மடைப்பள்ளியில் தேய்த்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். இடையில் நிற்காமல் முழுக் கூத்தையும் எது காட்டுகிறதோ அதுவே இரு நாட்டுத் தட்டு. எங்களுடையது தோற்றால் செஞ்சுடர்த் தட்டை ஏற்கும் முறியோலையில் என் முத்திரையை நானே வந்து பாலத்து நடுவில் இடுவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். எங்களுடையது வென்றால், மின்மினி என்ற சொல்லைத் தாங்கள் அவையில் திரும்பப் பெற வேண்டும்.

வேண்டுகோள் அவ்வளவே. இனி வருவது ஆணை. தமையனாயினும் தாங்கள் கீழ்ப்படிய வேண்டும். இத்துடன் மஞ்சள் துணியில் சுற்றிய தனித்தட்டு ஒன்று வருகிறது. அதை அவையில் ஓட்டலாகாது. அல்லிமாலை கையில் கொடுத்து, அவளைத் தனியே விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். முன் வந்த தட்டுகள் அவள் இட்ட பொட்டினால் கெட்டன என்று எவரும் எந்நாளும் அவளிடம் சொல்லலாகாது.

வேங்கைமலை அரண்மனையில், பொன்னரியும் கண்டீரனாரும் சான்றாக, ஓலைக்கு வேங்கை முத்திரை பதித்தேன். தட்டின் தாமரைக்கு என் விரலால் குங்குமம் இட்டேன். அதைப் பார்த்த பிறகும் அல்லிமாலை தன் கையால் ஒரு பொட்டு வைக்க விரும்பினால், எந்தப் பக்கத்திலும் வைக்கட்டும். இந்தத் தட்டு தாங்கும்.