பொறுப்பாளர் வீட்டில் படுக்க வேண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கண் ஆபரேஷனுக்கு வந்துவிடுவாயா என்று கேட்டிருந்தாய். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு முதலாளியம்மா தன் வீட்டை நாள் வாடகைக்கு விடுவதென்றால், அவர்கள் தங்கும் இரவுகளில் பொறுப்பாளர் ஒருவரும் அங்கேயே படுக்க வேண்டும். இந்த ஊர்ச் சட்டம் அப்படி. பதிவில் பொறுப்பாளராக இருப்பது என் பெயர் மட்டும்தான். நேற்று நகராட்சிக்காரர் சோதனைக்கு வந்தார். என் தலையணையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நிஜமாவே இங்கதான் தூங்கறீங்களா?" என்றார்.

"வேற எங்க போக விடறீங்க?" என்றேன்.

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உரிமத்தை ரத்து செய்திருக்கலாமே என்று எனக்குத்தான் இருந்தது.

உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு, ஜன்னலுக்குத் திரை வேண்டும். துவைக்காதே, இங்கே மெஷின் இருக்கிறது. இப்போது தங்கியிருப்பவர்கள் நாளை கிளம்பினால் ஒரு வாரம் வீடு காலி, உன் ஆபரேஷனும் அந்த வாரம்தானே. முதலாளியம்மாவிடம் கேட்டு டிக்கெட் போடுகிறேன். அழைப்பு மணி அடிக்கிறது.

உன் மகள்

மறுநாள் எழுதுவது: கேட்டேன். "அந்த வாரத்துக்கும் ஆள் புடிச்சுட்டேன்மா, பாதி விலைக்கு!" என்றார் சந்தோஷமாக. புது ஆட்கள் மதியமே வந்துவிட்டார்கள். சாவியைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குச் சித்தியைத் துணைக்கு அழைத்துப் போ.