ரசத்தில் கரைந்த மாத்திரை

19 ஆகஸ்ட் 1964, புதன். இரவு பதினொன்றே கால். அப்பாவின் எடை நாற்பத்தொரு கிலோ.

அப்பாவின் கணையம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. அது சுரக்கும் நீர் இல்லாமல் நெய்யும் பருப்பும் குடலில் உடைவதில்லை. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் வெளியே போகிறது. அந்த நீருக்குப் பதிலாகத்தான் டாக்டர் என்சைம் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதமாகியும் அப்பா தேறவில்லை.

இன்று செம்பூர் ஆலை லேபிலிருந்து சீக்கிரம் வந்தேன். அம்மா மாத்திரையைப் பொடித்துக் கொதிக்கிற ரசத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, பெருங்காயமா? கொதிக்க வச்சா மருந்து செத்துடும்!" என்று கத்தினேன்.

"அப்பாவுக்கு முழுங்க வரலைடா. ரசம்னாதான் தொண்டையில எறங்கறது" என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ இத்தனை நாளும் வெறும் ரசமாடா குடுத்தேன்?"

ஆமாம் என்றேன். கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

கட்டிலிலிருந்து அப்பா, "விடுடா, ரசம் நன்னாத்தான் இருந்தது" என்றார்.

அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தூங்கவில்லை. வளையல் சத்தம் கேட்கிறது.

நாளை:

1. விழுங்க முடியாதவருக்கு எப்படிக் கொடுப்பதென்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

2. அதுவரை மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

3. அப்பா இளைத்ததற்கு ரசம் காரணமில்லை என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். டாக்டரே சொன்னார் என்றால் நம்புவாள்.