பஞ்சு பட்ட இடம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
3-2-1936

அன்புள்ள தம்பி தேவசகாயத்துக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நீ இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கிள்ளானில் ரயிலேறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் இங்கே வந்துவிடலாம். ஆஸ்பத்திரி வேலை என்று சொல்வாய். அந்தப் பதில் எனக்கு மனப்பாடம்.

கிருபையின் தோளில் இருந்த வெளுப்பைப் பற்றி உனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். போன வாரம் அவளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனோம். உன் அத்தானின் மேலதிகாரி சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். ரயில்வே பாஸும் இருந்தது. தோல் வியாதிக்கென்றே படித்துவிட்டு வந்த வெள்ளைக்கார டாக்டர். கிருபையைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் வெளுத்த இடத்தைத் தொட்டார். தொட்ட போதெல்லாம் அவள் சொல்ல வேண்டும்; அந்த வியாதி என்றால் அங்கே உணர்ச்சி இராதாம். ஒரு தடவைகூட அவள் தவறவில்லை. தோலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்தும் பார்த்தார். “நீங்கள் பயந்த வியாதி இல்லையம்மா. ஒருவிதத் தேமல். களிம்பு தடவினால் போய்விடும்” என்றார்.

வெளியே வந்து நான் அழுதேன். இரண்டு மாதமாக அவள் தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ரயிலில், “இனி என் தட்டை உள்ளே வைக்கலாமா அம்மா?” என்று கேட்டாள்.

கிருபைக்கு ஈப்போ சம்பந்தம் பேச்சில் இருக்கிறது. இதை உன்னோடு வைத்துக்கொள்.

அன்புள்ள அக்கா,
ஞானசௌந்தரி

*

ஆறாம் கட்டைத் தோட்டம், கிள்ளான்
9-2-1936

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். கடிதம் படித்து நிம்மதியானேன். மருமகளிடம், மாமா தட்டோடு வருவான், கோழிக்குழம்பு தயாராக இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. அறுநூறு பேருக்கு மருந்து கொடுக்க நான் ஒரே டிரெசர். விடியுமுன் பெரட்டில், பேர் கூப்பிட ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே நடந்துகொண்டே பார்த்து முடித்துவிடுவேன். உங்கள் சிங்கப்பூர் டாக்டர் ஒரு தோளைப் பார்க்கிற நேரத்தில் நான் ஒரு தோட்டத்தையே பார்த்துவிடுவேன்.

போன வாரம் அப்படித்தான் ஒருத்தி அகப்பட்டாள். நல்லம்மாள், ரப்பர் பால்வெட்டுக்காரி. புஜத்தில் காசளவு வெளுப்பு. பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டேன். 24ஆம் தேதி பெரிய டாக்டர் வருவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். நான் எழுதியதில் கையெழுத்துப் போடுவார். மறுநாள் லோரியில் குஷ்டரோகிகள் குடியிருப்புக்கு அனுப்பிவிடுவோம். எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோக விடமாட்டார்கள்.

அவள் புருஷன் அய்யாவு தினமும் வந்து வாசலில் நிற்கிறான். “ஐயா, அந்த இடத்துல எறும்பு கடிச்சா வலிக்குதுன்னு சொல்றா ஐயா!” என்கிறான். “எறும்பைக் கூட்டிட்டு வா, சாட்சி சொல்லட்டும்” என்றேன். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி வயிறு வலிக்கச் சிரித்தார்.

உங்கள் அன்புத் தம்பி,
தேவசகாயம்

*

பிரிக்பீல்ட்ஸ்
12-2-1936

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எறும்பு கடித்தால் வலிக்கிறது என்கிறாள். அந்த டாக்டர் பஞ்சை வைத்துக் கேட்டதும் இதைத்தானே?

நீ அவளைத் தொட்டுப் பார்த்தாயா? பஞ்சு மட்டும் போதாது என்று எனக்கும் தெரியும். சுரண்டிப் பார்ப்பதைப் பெரிய டாக்டர் செய்யட்டும். ஆனால் பட்டியலில் எழுதுவதற்கு முன் அந்த ஒரு நிமிஷத்தை அவளுக்குக் கொடுத்தாயா? அதற்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டாம், ரயில் பாஸ் வேண்டாம். உன் மேஜைமேலேயே பஞ்சு இருக்கிறது.

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பார்த்துவிட்டு எனக்கு இரண்டு வரி எழுது.

அக்கா

*

ஆறாம் கட்டைத் தோட்டம்
15-2-1936

அக்காவுக்கு,

நீங்கள் மதராஸில் காலேஜ் படித்தவர்கள். நான் பதினெட்டு வருஷம் இந்த ஜனங்களோடு கிடந்து படித்தவன். அந்த வியாதி என்று சந்தேகப்பட்ட ஆளை நான் தொடுவதில்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பட்டியல் தோட்டத் துரையின் ஆபீசுக்குப் போய்விட்டது. இப்போது ஒரு பெயரை அடித்தால், முன்பு அனுப்பிய ஏழு பேரை எப்படிப் பார்த்தாய் என்று துரை கேட்பார். அதற்கு நான் என்ன சொல்வது?

பெரிய டாக்டருக்கு எழுதலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வரும். உங்களை எனக்குத் தெரியும். எழுதினால், பள்ளிக்கூட டீச்சரான உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். அவர் வீட்டம்மா ஈப்போக்காரி என்பதை மறக்க வேண்டாம். முன்பின் தெரியாத பால்வெட்டுக்காரிக்காக மகள் கல்யாணத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

தேவசகாயம்

*

பிரிக்பீல்ட்ஸ்
20-2-1936

அன்புள்ள தம்பி,

பெரிய டாக்டருக்கு எழுதிவிட்டேன். சிங்கப்பூர் டாக்டர் தந்த காகிதத்தைப் பிரதி எடுத்து, கிருபையின் பெயரோடு வைத்திருக்கிறேன். ஈப்போவுக்கும் நானே எழுதிவிட்டேன். வேறு வாய்வழியாக அவர்கள் கேட்க வேண்டாம். உனக்கும் என் கையாலேயே தெரிய வேண்டும்.

முதலில் கிருபையிடம் சொன்னேன்.  “அந்தக் குழந்தை பால் குடிக்கிறதாம்மா?” என்றாள். “எட்டு மாதம்தான்” என்றேன். “அப்புறம் என்னம்மா யோசிக்கிறீர்கள்?” என்றாள். உன் அத்தான் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பெற்ற மகளின் தட்டைத் தனியாக வைத்தவள் நான். அறுநூறு பேருக்கு உன் ஒருவனை வைத்தது உன் தப்பும் அல்ல. “இல்லை” என்று டாக்டர் சொன்னதும் என் வீட்டோடு கவலை முடிந்தது என்று இருந்தேன். உன் கடிதம் வந்திராவிட்டால் இன்னும் அப்படியே இருந்திருப்பேன்.

இன்னும் நான்கு நாள் இருக்கிறது. டாக்டர் வருவதற்கு முன் நீயே பஞ்சை எடுத்துப் பார்த்துவிடு. அப்போது அது உன் வேலையாகவே இருக்கும். என் கடிதத்துக்கு அவசியமே இராது.

உன் அக்கா,
ஞானசௌந்தரி

*

ஆறாம் கட்டைத் தோட்டம்
4-3-1936

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் 21ஆம் தேதியே கிடைத்தது. மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பஞ்சை எடுக்கவில்லை.

24ஆம் தேதி பெரிய டாக்டர் என் ஜாடியிலிருந்து பஞ்சை எடுத்தார். நல்லம்மாளை என் நாற்காலியில் உட்கார வைத்து, துரை பார்க்கவே தொட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “கூசுதுங்க, கூசுதுங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். சுரண்டி எடுத்ததிலும் ஒன்றும் இல்லையாம். நேற்றிலிருந்து மறுபடி பால் வெட்டப் போகிறாள்.

முன்பு அனுப்பிய ஏழு பேரில் எத்தனை பேரைத் தொட்டுப் பார்த்தாய் என்று டாக்டர் கேட்டார். ஒருவரையும் இல்லை என்றேன். மாதக் கடைசியில் எனக்கு இந்தத் தோட்டத்தில் வேலை இல்லை.

ஈப்போ சம்பந்தம் நின்றுபோனதாக அத்தான் எழுதியிருந்தார். ஈஸ்டருக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

சனிக்கிழமை டாக்டர் அந்த ஏழு பேரையும் பார்க்கக் குடியிருப்புக்குப் போகிறார். நானும் வருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பவுனம்மாள் என்று ஒருத்தி, லோரியில் ஏறும்போது, “ஒரு தடவை தொட்டுப் பாருங்க ஐயா” என்றாள். முதலில் அவளைப் பார்க்க வேண்டும்.

தேவசகாயம்