சின்னவளுக்கு வெற்றிலை வைத்தார்கள், அம்மா

என் கண்ணான அம்மாவுக்கு,

ஏலத்தோட்டத்து மேல் லயத்து வீட்டிலிருந்து உன் மூத்தவள் எழுதுகிறேன். உன் சின்னவள் லூர்து நேற்றுக் காலை பஸ் ஏறிவிட்டாள். வடக்கே பீகார்ப் பக்கம் ஏதோ ஒரு மலைக்காட்டில் கன்னியர் மடம் நடத்துகிற ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். முதலில் மடத்தில் இருந்து படிப்பாள், பிறகு வெள்ளை உடுப்புப் போட்டு நர்ஸ் சிஸ்டர் ஆவாளாம். நம் லயத்திலிருந்து இப்படி ஒரு பிள்ளை போனதே இல்லை. எனக்குப் பெருமையில் சோறு இறங்கவில்லை. நீ இருந்தால் உடும்பஞ்சோலை முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பாய். இப்போது அந்த வேலையையும் நான்தான் செய்கிறேன்.

ஆனால் அவளை வண்டி ஏற்றுவதற்குள் உன் தம்பி எங்களைப் படுத்தின பாடு இருக்கிறதே!

நீதானே வாக்குக் கொடுத்தாய்? லூர்து தொட்டிலில் கிடக்கும்போதே, "இவ என் தம்பி மவனுக்குத்தான்" என்று நீ சொன்னதை மாமா மறக்கவே இல்லை. அவள் மடத்துக்குப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து ஆனைக்கரை மாமா வீட்டிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. அப்பா ஆள்மேல் ஆள் விட்டார். ம்ஹூம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வராட்டிப் போகட்டும், அவருக்காக பஸ்ஸு நிக்கப்போகுதா?" என்றேன். உன் சின்னவள் கேட்டால்தானே!

"மாமா சரின்னு சொல்லாம நான் ஏறமாட்டேன்க்கா. அம்மா பொறந்த வீட்டை அழவச்சிட்டு யாருக்குப் போய் ஊழியம் செய்ய?" என்றாள். குரல்தான் மெல்லிசு, பிடிவாதத்தில் உன்னை உரித்து வைத்திருக்கிறாள். இந்தத் தடவை தவறினால் அடுத்த வருஷம்தான் என்று மடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

நேற்று லயமே திரண்டு ரோட்டுக்கு இறங்கியது. அழைத்துப்போக வந்திருந்த சிஸ்டர் மலையாளத்துக்காரி, நல்ல மனுஷி. பஸ் வந்து நின்றது. லூர்து ஏறவில்லை. கண்டக்டர் விசில் ஊதுகிறார், சிஸ்டர் கூப்பிடுகிறார், இவள் ரோட்டு வளைவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்போதுதான் வந்தார் உன் தம்பி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கலியாண வீட்டுக்கு வருகிற தோரணை. யாரிடமும் பேசாமல் நேரே போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுவிட்டார். முறை இருக்கிற பெண்ணை வெளியே கொடுத்தால் மாமன் வீட்டார் வழிமறிப்பார்களே, அந்த மறிப்பு. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். மாமா அசையவில்லை.

"யாருக்கு மச்சான் குடுக்கீக என் அக்கா மவளை?" என்று அப்பாவைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஆண்டவருக்குத்தான் மாப்ள," என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

"ஆண்டவருக்குக் குடுக்கமாட்டேன்னு நான் சொன்னேனா? சாமியாரைக் கேட்டீக, மடத்தைக் கேட்டீக. தாய்மாமன் வாசல்ல வெத்தல பாக்கு வச்சு ஒருத்தராவது கேட்டீகளா? ஆள் விட்டீகளாம் ஆள்! காய் பறிக்கவா கூப்பிடுதீக?"

அட, இதுதானா! மகனுக்குப் பெண் இல்லாமல் போனதற்காக இல்லை அம்மா, முறையாகக் கேட்கவில்லையே என்றுதான் அந்த மனுஷன் இத்தனை நாளும் வெந்திருக்கிறார். சாமிக்குக் கொடுக்கிற பெண்ணுக்குத் தாம்பூலம் வைக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பார்.

ஓடினேன். பெட்டிக்கடையில் வெற்றிலையும் பாக்கும் அள்ளினேன். தாம்பாளத்துக்கு எங்கே போக? லூர்துவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து, அதில் வைத்து சிஸ்டர் கையில் திணித்தேன். "மாப்பிள்ளை வீடு நீங்கதான் சிஸ்டர், பொண்ணு கேளுங்க!" என்றேன். பாவம், ஒரு நிமிஷம் விழித்தார். ஆனால் கெட்டிக்காரி. என் முகத்தையும் மாமா முகத்தையும் பார்த்தார், குடையைக் கீழே போட்டார், இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

"ஈ மோளெ ஞங்ஙள்க்குத் தரணம்," என்றார். இந்த மகளை எங்களுக்குத் தாருங்கள் என்று அவர் குனிந்து கேட்டபோது, எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

மாமா உடனே வாங்கவில்லை. லூர்துவைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ஏட்டி, மெய்யாவே இது உன் இஷ்டமா? யாரும் சொல்லிப் போறியா?"

"யாரும் சொல்லல மாமா. தம்பி பொறக்க அம்மாவுக்கு வலி கண்ட அன்னிக்கு, கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு நீங்கதான முன்னால ஓடுனீக? ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்ன ரெண்டு உசுரும் போயிருச்சே. அன்னிக்கு இங்க இருந்த மாதிரி, நான் போற ஊருலயும் ரோடு கிடையாதாம் மாமா. அங்க ஒருத்தி இருக்கணும்ல?"

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் அதற்குமுன் உன் அடக்கத்தன்றுதான் பார்த்தேன். பிறகு தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "குடுத்தேன் தாயி, என் அக்கா மவளை நானே குடுத்தேன்!" என்று ரோடே கேட்கச் சொன்னார். லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். பெட்டியைத் தானே தலையில் தூக்கி வண்டிமேல் ஏற்றினார். தட்டை மட்டும் திருப்பித் தரவே இல்லை, பெண் கேட்ட தட்டாம், பீரோவில் வைப்பாராம். உன் மகள் இப்போது எதில் சாப்பிடுகிறாளோ!

வாக்குத் தப்பிவிட்டோம் என்று உனக்கு வருத்தமா அம்மா? இல்லை, நீயும் எங்கிருந்தாவது குலவை போட்டாயா? அப்பா இன்றைக்கு ஏலக்காய் ஸ்டோருக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். நான் அழவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பிறந்த வீட்டு வாசலை நான் இருக்கிறவரைக்கும் நம் பிள்ளைகள் மிதித்துக்கொண்டே இருப்பார்கள், இது சத்தியம்.

அந்த மலையில் ஏதோ ஒரு குடிசையில் ஒருத்திக்கு வலி காணும். நம் லூர்து பக்கத்தில் இருப்பாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் அம்மாவிடம் சொல்லவேண்டியதையெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்தே சொல்லிக்கொள்வார்கள். இப்படி எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உன் மூத்த மகள்,
லூர்துவின் அக்கா,
அந்தோணியம்மாள்