சுருட்டுக்கு ஓர் அலமாரி

ஜூன் 2

புகைபோக்கி அவர்களுக்கு,

இங்கே நானும் மகளும் நலம். உங்கள் பழைய அலமாரியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். எத்தனை முறை துடைத்தும் சுருட்டு வாடை போகவில்லை. என் புடவைகள் மகளின் பீரோவுக்குப் போய்விட்டன.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்வது என் பிழைப்பு. ஒரு நல்ல தேயிலையைப் புகை வாடை ஏறியது என்று தள்ளிவிட்டேன். புகை என் முந்தானையில் இருந்தது. மேலாளர் முன்னால் தலைகுனிந்து நின்றவள் நான். "சுருட்டா, நானா?" என்று கேட்டதற்கு நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

வாடகை அறையில் காற்று வருகிறதா? மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்


ஜூன் 15

என் அன்பானவளே,

அலமாரி வந்தது. மாத்திரை போடுகிறேன். நீ நம்ப மாட்டாய், ஆனாலும் போடுகிறேன்.

சிரிக்காமல் படி. அலமாரியைச் சுருட்டுப் பெட்டகமாக மாற்றிவிட்டேன். பெரிய சுருட்டுக் கடைகளில் இருக்குமே, அதுபோல. உள்ளே எப்போதும் ஒரே அளவு ஈரம் இருக்க வேண்டும். குறைந்தால் சுருட்டு நொறுங்கும், கூடினால் பூஞ்சை பிடிக்கும். துணி மாட்டும் கம்பியைக் கழற்றி, உட்புறம் முழுக்க செடார் மரப் பலகை அடித்து, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன்.

இடுக்கு இருக்கிறதா என்று பார்க்க நானே உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. சந்தோஷமாகக் கதவைத் தள்ளினால், வெளியே கொக்கி விழுந்திருக்கிறது! நான் தட்டிய சத்தம் கேட்டுக் கீழ்க்கடைத் தையல்காரர் வந்து திறந்தார். அதோடு விட்டாரா? "லிஃப்ட்ல மாட்டினவங்களை வெளிய எடுக்கிற மெக்கானிக்கு அலமாரிக்குள்ள மாட்டிக்கிட்டாருப்பா! சார், எந்த மாடிக்குப் போகணும்?" என்று தெருவையே கூட்டிவிட்டார்.

ஈரம் வெளியே போக வழியில்லை என்றால் வாடைக்கும் வழியில்லைதானே? சுருட்டைப் பற்றவைப்பது இப்போது மொட்டை மாடியில்தான், அதற்கென்று ஒரு சட்டையோடு. ஒருமுறை வந்து முகர்ந்து பாரேன்.

உன்
புகைபோக்கி


ஜூன் 22

புகைபோக்கி அவர்களுக்கு,

சிரித்து வயிறு வலித்தது. மகளுக்கும் படித்துக் காட்டினேன். "அப்பாவைத் திறந்துவிடச் சொன்னது யாரும்மா?" என்கிறாள்.

வர மாட்டேன். வெறும் பேச்சை நம்பவும் மாட்டேன். ஒரு வெள்ளைப் பருத்திப் புடவை அனுப்பியிருக்கிறேன், சோப்பு வாசனைகூட இல்லாமல் வெந்நீரில் அலசியது. பெட்டகத்தில் சுருட்டை நிரப்பி, புடவையை அதன் கதவின் வெளிப்புறம் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். தினமும் கதவைத் திறந்து மூட வேண்டும். ஏமாற்றினால் என் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் இருப்பவள்


ஜூலை 2

என் அன்பானவளே,

புடவை இத்துடன் வருகிறது. வாரம் முழுக்க அறையில் விருந்தாளி இருப்பதுபோல நடந்துகொண்டேன். தையல்காரர் துணியைத் தடவிப் பார்க்க வந்தார். "கையைக் கழுவிட்டு வாய்யா" என்றேன். "புது மாப்பிள்ளை மாதிரி காவல் காக்கறீங்களே சார்!" என்றார்.

வாடை இருந்தால் இருக்கிறது என்றே எழுது. எனக்காகக் குறைத்துச் சொல்லாதே. வீட்டுக்கு வர வேண்டும் என்று இருக்கிறது. நகம் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
புகைபோக்கி


ஜூலை 8

என்னங்க,

பார்சலை வீட்டில் பிரிக்கவில்லை. தேநீர் சுவைக்கும் அறைக்குக் கொண்டுபோனேன். என் மூக்கு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும் என்று பயம். அதனால் முதலில் மேலாளரிடம் நீட்டினேன்.

"என்னம்மா இது, புடவையைப் போய் மோந்து பாக்கச் சொல்றீங்க?"

"தேயிலைன்னு நெனச்சுக்கோங்க சார்."

கண்ணை மூடி முகர்ந்தார். "ஒண்ணும் இல்லையே. லேசா மரம். அவ்வளவுதான்" என்றார்.

அவர் போனபின் நான் முகர்ந்தேன். சுருட்டு இல்லை. செடார் மட்டும். ஒரு வாரம் உங்கள் அறையில் இருந்துவிட்டு வந்த துணியில் உங்கள் வாசனையும் இல்லை. ஜெயித்தது நீங்கள்தான், ஆனால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மடித்து வைத்துவிட்டு மறுபடி பிரித்து முகர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டேன். பெட்டகத்துக்குக் கூடத்தில் இடம் ஒழித்திருக்கிறேன். அறையைக் காலி செய்துகொண்டு வாருங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாம். அந்தக் கடிதத்துக்கு முன்னால் நீங்கள் வந்து சேர வேண்டும்.

உங்கள்
மனைவி