ஜெட்டிக் கொட்டகையை இடிக்க வேண்டாம்: என் புகாரை நானே திரும்பப் பெறும் மனு

அனுப்புநர்:
கோ. பக்தவத்சலம்,
ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்,
ஜெட்டி சாலை, பாம்பூஃப்ளாட்,
தெற்கு அந்தமான்.

பெறுநர்:
துணை ஆணையர் அவர்கள்,
தெற்கு அந்தமான் மாவட்டம்,
ஸ்ரீ விஜயபுரம்.

பொருள்: பாம்பூஃப்ளாட் ஜெட்டி (படகுத்துறை) அருகே 'கரை சேவை கிளப்' வைத்துள்ள கொட்டகையை அகற்றும் நோட்டீஸ் – அதற்குக் காரணமான என் புகாரைத் திரும்பப் பெறுதல் – கொட்டகை அங்கேயே தொடர அனுமதி கோருதல்.

பார்வை: 1. என் புகார், நாள் 11.02.2025.
2. அகற்றல் நோட்டீஸ், நாள் 08.09.2025.

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பணியில் பிறருடைய மனுக்களைப் பதிவு செய்தவன் நான். தன் புகாருக்கு எதிராகத் தானே மனு கொடுத்த ஒருவரை அந்தக் காலத்தில் பார்த்ததில்லை. இன்று நானே அப்படி வந்து நிற்கிறேன். என் முதல் புகாரை ஆங்கிலத்தில் எழுதினேன். இதை மனம் விட்டு எழுத வேண்டியிருப்பதால் தமிழில் எழுதி, இந்தி மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

2. அந்தப் புகாரில் மூன்று குற்றச்சாட்டுகள் வைத்திருந்தேன். கொட்டகை நடைபாதையை மறிக்கிறது. ஒலிபெருக்கி தொல்லை தருகிறது. பத்திரிகையில் படம் வருவதற்காகவே இவர்கள் சேவை செய்கிறார்கள். முதலாவது பாதி உண்மை. கொட்டகையின் முன்பக்கம் இரண்டடி பாதைக்குள் வந்திருக்கிறது. இரண்டாவதைப் பொறுத்தவரை, யாருக்காவது அவசரமாக ரத்தம் தேவைப்படும்போது எந்த வகை என்று அறிவிக்க மட்டுமே அந்த ஒலிபெருக்கியைப் பயன்படுத்துகிறார்கள். இது தெரிந்தேதான் எழுதினேன். மூன்றாவது முழுப் பொய்.

3. ஏன் எழுதினேன் என்பதையும் மறைக்கக் கூடாது. ஓய்வு பெற்ற புதிதில் கிளப்பில் சேர விரும்பிப் போனேன். தலைவர் பதவி இல்லாவிட்டாலும் ஆலோசகர் என்றாவது உட்கார வைப்பார்கள் என்று எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை ஜெட்டியைச் சுத்தம் செய்ய வரச் சொல்லி, என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். அங்கே எல்லோருமே கூட்டினார்கள் என்பது என் கண்ணில் படவில்லை. அவமானப்பட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பின் அவர்கள் செய்த எதுவும் எனக்குக் குற்றமாகவே தெரிந்தது.

4. கடந்த ஜூலை 23ஆம் தேதி மதியம், நல்ல மழையில், என் மனைவி சந்திரமதி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மருத்துவமனை கடலுக்கு அக்கரையில் இருக்கிறது; படகில் போகாமல் சுற்றுச் சாலையில் காரில் கொண்டுபோனால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் துடித்திருப்பார். என் மகன் சென்னையில் இருக்கிறான். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றபோது பக்கத்து வீட்டார் கிளப்புக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள்.

5. பத்து நிமிடத்துக்குள் கொட்டகையிலிருந்து ஸ்ட்ரெச்சருடன் நால்வர் வந்தார்கள். முன்னால் வந்தவர் கிளப்பின் செயலாளர் முத்துவீரன். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து ஆட்டோ ஓட்டுபவர். உடன் வந்த அங்கன்வாடி ஊழியர் சித்ரா, என் மனைவியின் காலைப் பலகை வைத்துக் கட்டினார். கடல் வற்றியிருந்த நேரம் என்பதால் படகு மிகவும் கீழே நின்றது. பாசி பிடித்த படிகளில் இரண்டு பேர் பின்பக்கமாக இறங்கி, ஸ்ட்ரெச்சர் சாயாமல் தோளில் தாங்கினார்கள். வழி விடும்படி சித்ரா இந்தியில் கேட்டதும் படகிலிருந்த அத்தனை பேரும் எழுந்து ஒதுங்கினார்கள்.

6. படகு நடுவில் போகும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. கொட்டகை மீது புகார் எழுதியது நான்தான் என்று, வலியில் கண்மூடிக் கிடந்த மனைவிக்குக் கேட்காதபடி, முத்துவீரனின் காதோரம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தெரியும் சார். மே மாசம் விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸோட உங்க லெட்டர் காப்பியும் வந்துச்சு. அதெல்லாம் பாத்துக்கலாம், கோயி பாத் நஹி, பரவால்ல. குடைய இந்தப் பக்கம் சாய்ங்க, அம்மா மொகத்துல தண்ணி அடிக்குது."

அக்கரையில் சாத்தம் ஜெட்டியில் வண்டியை ஏற்பாடு செய்து வைத்திருந்ததும் அவர்களே. அறுவை சிகிச்சைக்கு ரத்தம் கொடுத்த இருவரும் கிளப் உறுப்பினர்களே. ஒருவர் மீன் வியாபாரி பிஸ்வாஸ். மற்றவர் பெயரைக் கேட்பதற்குள் வேலைக்குப் போய்விட்டார். என் மனைவி இன்று பிடித்து நடக்கும் வாக்கரும் கிளப் கொடுத்ததே. இதுவரை எந்தப் பத்திரிகையிலும் படம் வரவில்லை.

7. வீடு திரும்பிய உடனே புகாரைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். வெட்கத்தில் தள்ளிப்போட்டேன். அதற்குள் இம்மாதம் 8ஆம் தேதி அகற்றல் நோட்டீஸ் வந்துவிட்டது. அதிகாரிகள் மேல் குறையில்லை. என் எழுத்தை நம்பி நடவடிக்கை எடுத்தார்கள். கிளப்பினர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பொருட்களைக் காலி செய்தார்கள். ஸ்ட்ரெச்சர் இப்போது ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, மேட்டில் உள்ள முத்துவீரன் வீட்டில் இருக்கிறது. கடந்த வியாழக்கிழமை மாலை, படகுக்குக் காத்திருந்த குழந்தைவேலு என்ற பெரியவர் ஜெட்டியில் மயங்கி விழுந்தார். ஸ்ட்ரெச்சர் வந்து சேர இருபத்தைந்து நிமிடமாயிற்று. அதற்குள் ஒரு படகு போய்விட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இருபத்தைந்து நிமிடமும் அவர் பக்கத்தில் நான் நின்றிருந்தேன் ஐயா. அது என் எழுத்தால் வந்த தாமதம்.

8. ஆகவே, என் புகாரைத் தள்ளுபடி செய்து, 22ஆம் தேதி நடக்கவிருக்கும் அகற்றலை நிறுத்தி வைக்கவும், கொட்டகைக்கு முறையான அனுமதி வழங்கவும் வேண்டுகிறேன். பாதைக்குள் வந்துள்ள இரண்டடியை உள்ளே தள்ளிக் கட்டக் கிளப் எழுத்துமூலம் சம்மதித்துள்ளது; கடிதம் இணைப்பில் உள்ளது. பொய்ப் புகார் கொடுத்ததற்கு நடவடிக்கை உண்டென்றால் அது என் ஒருவன் மேல் இருக்கட்டும். தங்கள் உத்தரவு 22ஆம் தேதிக்கு முன்னால் கிடைத்தால், அந்த ஸ்ட்ரெச்சரை மறுபடியும் ஜெட்டிக்குக் கொண்டு வந்துவிடுவோம்.

நாள்: 15.09.2025
இடம்: பாம்பூஃப்ளாட்

பணிவுடன்,
கோ. பக்தவத்சலம்

(என் மனைவி தாமும் கையெழுத்திட விரும்பினார். கீழே உள்ளது அவர் கைப்பட எழுதியது.)

ஐயா, மேலே எழுதியிருப்பது எல்லாம் நிஜம். இவர் புகார் கொடுத்ததே இந்த மனுவைப் படித்துக் காட்டியபோதுதான் எனக்குத் தெரியும். இரண்டு நாளாக நான் இவரோடு பேசவில்லை. கொட்டகை நின்றால் பேசுவேன்.

ப. சந்திரமதி