மூன்றாவது காணி

வெள்ளவத்தை,
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தங்கச்சி சுபோதினிக்கு,

நானும் உன் அண்ணி அன்னபாக்கியமும் நல்ல சுகம். ஒஸ்லோவில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்கவேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியிலேயே சிரிக்கத் தொடங்குவாய், மீதியைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் பேனையை எடுத்தேன்.

மயிலிட்டியில் உன் சீதன வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது! கிணறு இறைத்து, வெள்ளையடித்து, போன மாதம் பாலும் காய்ச்சினோம். ஒரேயொரு குறை. அது உன் வீடு இல்லை.

சிரிக்காதே, கேள். பழைய ஒழுங்கை அழிந்துபோய்விட்டது. இப்போது ரோட்டு பின்பக்கத்தால் வருகிறது. வேலி, கதியால் ஒன்றும் மிச்சமில்லை, ஆமி பிடித்து வைத்திருந்த முப்பது வருடப் பற்றை. ஒழுங்கையிலிருந்து மூன்றாவது காணி என்று எண்ணிப் பழகிய நான், புது ரோட்டிலிருந்து மூன்றாவதை எண்ணினேன். நடுச்சுவரில் ஒரு மாடம் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்ததா என்று அண்ணி கேட்டாள். உனக்கு என்ன தெரியும் என்று அதட்டிவிட்டு அதில் பிள்ளையாரை வைத்தேன்.

பால் காய்ச்சிய படத்தை அண்ணி ஊர்ச் சங்கத்து வட்ஸ்அப்பில் போட்டாள். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஹியூபேட் வந்து நிற்கிறான். பக்கத்துக் காணி ஹியூபேட்தான். லிப்ட் வேலை செய்யவில்லை, நாலு மாடி ஏறி, கையில் காணி உறுதிப் பத்திரத்தோடு மூச்சு வாங்கினான். “அண்ணை, நீங்கள் பிள்ளையாரை வைச்சது எங்கட மாதா நிண்ட இடம்” என்றான்.

அவனுடைய தகப்பன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார் என்று ஐயா வழக்குப் போட்டுப் பதினொரு வருடம் கோடேறியது உனக்குத் தெரியும். ஒரு முழத்துக்கு அந்தப் பாடு, நானோ முழு வீட்டையும் பிடித்துவிட்டேன். பொலிசுக்குப் போகப்போகிறான் என்றே நினைத்தேன். அவனோ கதிரையில் இருந்து அழுதான். பற்றைக்குள் போக மனமில்லாமல் இத்தனை வருடம் அந்தப் பக்கமே போகவில்லையாம். தன் வீட்டைக் கூரையோடு படத்தில் பார்த்ததும் தைக்கு முன்னர் குடிபோவதென்று முடிவெடுத்துவிட்டானாம்.

போன கிழமை இருவருமாகப் போனோம். தன் ஆட்களையும் கூட்டிவந்து உன் காணியை அவனே வெட்டித் துப்புரவாக்கினான். உன் வீட்டுக்குக் கூரை இல்லை, குசினிக்குள் அடுப்படியில் ஒரு வேம்பு நிற்கிறது. சுவர்கள் அசையவில்லை, கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு. காணி அளக்கக் கூட்டிப்போன சேர்வேயர் வேலிக்குக் கயிறு பிடிக்கவா என்று கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து வேண்டாம் என்றோம். மாதா வரும்வரை பிள்ளையார் அங்கேயே இருக்கட்டும் என்று ஹியூபேட் சொல்லிவிட்டான்.

இனி எழுதக் கூசுகிறது. விற்க வசதியாகப் பற்றையை வெட்டிவிடுங்கோ என்று மட்டும்தான் தையில் நீ சொன்னாய். கூரை போடச் சொல்லவில்லை, பால் காய்ச்சச் சொல்லவில்லை. நான் ஏன் செய்தேன் என்று நீயே கேட்டிருப்பாய். அறுபத்தாறு வயதில் கை முழுக்கக் கொப்புளம், ஆனால் பென்சன் எடுத்த பிறகு அந்த இரண்டு மாதம்தான் காலையில் ஒரு வேலைக்காக எழும்பினேன். எங்களுக்கு அங்கே குடிபோக ஆசை, சுபோ. அண்ணி விதை வெங்காயத்துக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டாள்.

சீதனமாகக் கொடுத்த வீட்டைச் சகோதரன் திருப்பிக் கேட்பது வெட்கக்கேடு. ஐயா இருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார். நான் வீட்டைக் கேட்கவில்லை. உறுதி உன் பெயரிலேயே இருக்கட்டும், உனக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகட்டும். மாதக் கடைசியில் விற்பனையை எழுதலாம் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். நீ விற்றாலும் கோபிக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது பொய்.

உன் பிள்ளைகள் நோயில்லாமல் நீண்ட காலம் வாழவேண்டும். மாதக் கடைசிக்கு முதல் ‘இருங்கோ அண்ணா’ என்று இரண்டு சொல் எழுதிவிடு, அம்மா.

உன் அண்ணா,
சிவபாதசுந்தரம்